ஐ-லீக் 2018-19: சென்னை சிட்டி கோப்பை வென்ற சீசன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த லீக், எந்த சீசன்?

இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் 2018-19 சீசன். 2018 அக்டோபர் 26 அன்று கோவையில் தொடங்கி, 2019 மார்ச் 9 அன்று முடிந்தது. கோப்பை யாருக்கு என்று கடைசி நாள் கடைசி நிமிடம் வரை தெரியவில்லை. முடிவில் சென்னை சிட்டி எஃப்.சி. 43 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் முறை.

எத்தனை அணிகள்? ப்ளே-ஆஃப் இருந்ததா?

11 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிராளி ஊரில் ஒரு முறை ஆட வேண்டும். ஆக அணிக்கு 20 ஆட்டம், மொத்தம் 110. ப்ளே-ஆஃப், அரையிறுதி, இறுதிப்போட்டி எதுவும் கிடையாது. ஐந்து மாதம் ஆடி முடித்த பிறகு பட்டியலில் மேலே இருப்பவருக்குக் கோப்பை, அவ்வளவுதான். இந்தியாவின் இன்னொரு லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பார்த்துப் பழகியவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். எனக்கு இதுதான் லீக். நவம்பரில் விட்ட புள்ளிக்கு மார்ச்சில் பதில் சொல்ல வேண்டிவரும்.

11 என்ற ஒற்றைப்படை எண் எப்படி வந்தது என்றும் கேட்கிறார்கள். இரண்டாம் டிவிஷனை வென்று ரியல் காஷ்மீர் மேலே வந்தது. முந்தைய சீசனில் கீழே இறங்க வேண்டியிருந்த கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸை, லீக்கில் தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால், அவை தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். மொத்த கோல் வித்தியாசம் அப்புறம்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பெயர் சென்னை சிட்டி. ஆடியது மட்டும் ஏன் கோவையில்?

சென்னை நேரு ஸ்டேடியம் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.யின் கையில் இருந்தது. 2016-17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்த சென்னை சிட்டி, கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. வ.உ.சி. பூங்காவை ஒட்டி இருக்கிறதே, அதேதான். சுற்றிலும் தடகள ஓடுபாதை உள்ள மைதானம் என்பதால் கேலரிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். கால்பந்துக்கென்றே கட்டிய அரங்கின் நெருக்கம் அதில் கிடைக்காது. ஆனாலும் அந்த சீசனில் கோவை ரசிகர்கள் அணியைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சென்னையின் எஃப்.சி.யும் சென்னை சிட்டியும் ஒன்றா?

இல்லை. உரிமையாளர் வேறு, லீக் வேறு, வீரர்கள் வேறு. 2018-19 இந்த இரண்டு அணிகளுக்கும் நேர் எதிராக அமைந்தது. முந்தைய ஆண்டு ஐ.எஸ்.எல். சாம்பியனான சென்னையின், அந்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி மட்டும் எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. அதே மாதங்களில்தான் சென்னை சிட்டி ஐ-லீக்கில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் "சென்னை ஜெயிச்சதா, தோத்ததா?" என்று யாராவது கேட்டால், எந்த சென்னை என்று திருப்பிக் கேட்க வேண்டிய காலம் அது.

முந்தைய சீசனில் சென்னை சிட்டி எப்படி ஆடியது?

சுமாருக்கும் கீழே. 2017-18இல் பத்து அணிகளில் எட்டாவது இடம், தப்பிப் பிழைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு அணியின் சிறந்த மிட்ஃபீல்டரான கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ், சீசன் முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். 2018 அக்டோபரில் கோப்பைப் பட்டியலில் சென்னை சிட்டியை எழுதியவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

பிறகு ஒரே ஆண்டில் என்னதான் மாறியது?

இரண்டு விஷயங்கள்.

ஒன்று, கோச். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் வந்தார். டாம்பினிஸ் ரோவர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்தவர். அன்றைய ஐ-லீக்கில் பல அணிகளுக்குத் தெரிந்த வழி, பின்னால் கூட்டமாக நின்றுகொண்டு பந்தை முன்னால் இருக்கும் உயரமான வெளிநாட்டு வீரரை நோக்கித் தூக்கி அடிப்பது. நவாஸ் அதை விட்டுவிட்டார். கோல்கீப்பரிடமிருந்தே பந்தைத் தரையோடு கொண்டுவர வேண்டும், ஒரு கோல் வாங்கினால் இரண்டு அடிக்க வேண்டும் என்பது அவர் பாணி. 20 ஆட்டத்தில் 48 கோல் அடித்து, 28 கோல் வாங்கினார்கள். சாம்பியன் அணி 28 கோல் வாங்குவது கொஞ்சம் அதிகம்தான். தற்காப்பில் ஓட்டை இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அணியின் ஆட்டம் எதுவும் தூக்கம் வரவழைத்ததில்லை.

இரண்டு, ஸ்பெயினிலிருந்து வந்த கூட்டம். நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகேஸ், ராபர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நவுசெட் சந்தானா, முன்கள வீரர் பெட்ரோ மான்ஸி. யாரும் பெரிய பெயர் இல்லை, ஸ்பெயினின் கீழ்நிலை டிவிஷன்களில் ஆடியவர்கள். ஓய்வு பெறப்போகும் நட்சத்திரத்தைக் கொட்டிக் கொடுத்துக் கூட்டிவரும் வழக்கத்தை விட, ஒரே பாணியில் பழகிய நான்கைந்து பேரை மொத்தமாக இறக்கியது எவ்வளவோ புத்திசாலித்தனம். அவர்கள் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். பந்து எங்கே வரும் என்றும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோ மான்ஸி எத்தனை கோல் அடித்தார்?

21. உருகுவேயில் பிறந்த மான்ஸி, சீசனின் முதல் ஆட்டத்திலேயே இண்டியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், சென்னை சிட்டி 4-1 என்று வென்றது. அங்கே பிடித்த வேகம் கடைசி வரை இறங்கவில்லை. சர்ச்சில் பிரதர்ஸின் டிரினிடாட் வீரர் வில்லிஸ் பிளாசாவும் சரியாக 21 அடித்ததால், அதிக கோல் பட்டியலின் உச்சியில் இரண்டு பேர்.

இந்திய வீரர்களில் அதிகம் அடித்தவர் ஈஸ்ட் பெங்காலின் ஜாபி ஜஸ்டின், 9 கோல். கேரளக்காரர். 21க்கும் 9க்கும் உள்ள தூரம் அந்தக் காலத்து இந்திய முன்கள வீரர்களின் நிலைமையைச் சொல்லிவிடும். கிளப்புகள் அந்த இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துப் பழகியிருந்தன.

தமிழ்நாட்டு வீரர்கள் இருந்தார்களா, இல்லை எல்லாம் ஸ்பெயின்தானா?

இருந்தார்கள். சும்மா கணக்குக்காக இல்லை. ஓரத்தில் பாய்ந்து ஓடும் அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், எங்கே நிறுத்தினாலும் ஆடிவிடும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், தற்காப்பில் அஜித் குமார், சூசைராஜின் சகோதரர் மைக்கேல் ரெஜின் என்று நம்மூர்ப் பையன்கள் பலர் அணியில் இருந்தார்கள். ஸ்பெயின்காரர்களின் கோல்கள்தான் செய்தியில் வந்தன. ஆனால் நெஸ்டர் உள்ளே நகர்ந்ததும் காலியாகும் ஓரத்தை நிரப்ப ரொமாரியோ மாதிரி ஓயாமல் ஓடும் ஆள் இல்லாவிட்டால், அந்தப் பாணி நடந்திருக்காது.

கடைசி நாள் என்ன நடந்தது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

முதலில் அதற்கு முந்தைய வாரம். சென்னை சிட்டி கொஞ்சம் முன்பே கதையை முடித்திருக்கலாம். மார்ச் தொடக்கத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்றதால் இழுத்துக்கொண்டது. இதனால் கடைசி நாள் காலையில் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39.

மார்ச் 9. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கின. கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரில் நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரில் கோகுலம் கேரளா.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. ஸ்டேடியம் அப்படியே அடங்கிப்போனது. இடைவேளை வரை 0-1. கோழிக்கோட்டிலும் கோல் இல்லை, 0-0.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த நிமிடத்தில் இரண்டு ஆட்டமும் அப்படியே முடிந்திருந்தால் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 40. சமம். அப்போது இருவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். சென்னை சிட்டி இரண்டையும் வென்றிருந்தது. அதாவது தோற்றபடியே கோப்பை சென்னை சிட்டிக்குத்தான். ஆனால் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் அடித்துவிட்டால் எல்லாம் தலைகீழ். அதை நம்பி யாரால் நிம்மதியாக உட்கார முடியும்?

56வது நிமிடத்தில் பெனால்டி. மான்ஸி அடித்தார், 1-1. 69வது நிமிடத்தில் அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா இன்னொன்று போட்டார், 2-1. ஏறக்குறைய அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தின் மார்கஸ் ஜோசப் கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் பின்னால். கோவை கேலரியில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடம் கொண்டாட்டம்.

அது நிலைக்கவில்லை. 80வது நிமிடத்தை ஒட்டி ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு பெனால்டி, ஹைமே சான்டோஸ் சமன் செய்தார். ஐந்தாறு நிமிடத்தில் லால்தன்மாவியா ரால்டே இரண்டாவது கோலும் போட்டுவிட்டார். இப்போது கணக்கு: ஈஸ்ட் பெங்கால் 42, சென்னை சிட்டி 43. மினர்வா ஒரு கோல் அடித்து 2-2 ஆக்கினால் சென்னை சிட்டி 41க்கு இறங்கும், கோப்பை கொல்கத்தாவுக்குப் போகும். மீதி நிமிடங்கள் எல்லாம் அந்த ஒற்றைக் கோல் பயத்தில்தான் ஓடின. 90 நிமிடம் முடிந்து சேர்க்கப்பட்ட நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் போரா. 3-1. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

21 கோல் அடித்த மான்ஸி அணியில் இருக்க, கோப்பையை முடித்துவைத்த இரண்டு கோலும் ஒரு தற்காப்பு வீரரிடமிருந்து வந்தன. போராவின் பெயரை இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள் தெரியவில்லை. வைத்திருக்க வேண்டும்.

ஒரு புள்ளியில் தவறவிட்ட ஈஸ்ட் பெங்கால் எங்கே கோட்டைவிட்டது?

கோழிக்கோட்டில் இல்லை, அங்கே வென்றார்கள். சீசனின் தொடக்கத்தில்தான். ஸ்பெயின் பயிற்சியாளர் அலெஹாண்ட்ரோ மெனண்டஸின் கீழ் அணி இன்னும் சேராத நேரம், அடுத்தடுத்து மூன்று தோல்வி. அதில் ஒன்று நவம்பர் 13 அன்று கொல்கத்தாவில் சென்னை சிட்டியிடம், 1-2. ஜனவரியில் கோவைக்கு வந்து மறுபடியும் அதே 1-2. சென்னை சிட்டி 43 புள்ளியில் ஆறு, ஈஸ்ட் பெங்காலிடமிருந்தே எடுத்தது. அந்த இரண்டில் ஒன்று டிராவில் முடிந்திருந்தால்கூட ஈஸ்ட் பெங்கால் 43, சென்னை சிட்டி 41.

மற்றபடி நல்ல அணி. 2018 உலகக் கோப்பையில் ஆடிய கோஸ்டாரிகாவின் ஜானி அகோஸ்டா தற்காப்பில், மெக்சிகோவின் என்ரிக்கே எஸ்குவேடா முன்னால். அதே ஊர் அணியான மோகன் பகானோடு நடந்த இரண்டு டெர்பியையும் வென்றார்கள், 3-2, 2-0. ஆனால் 2003-04க்குப் பிறகு தேசிய லீக் கோப்பை கைக்கு வராத ரசிகர்களுக்கு டெர்பி வெற்றி என்ன ஆறுதல்?

மோகன் பகான்?

ஐந்தாவது இடம். நடுவில் பயிற்சியாளர் சங்கர்லால் சக்ரவர்த்தி விலகி, காலித் ஜமீல் வந்தார். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ரியல் காஷ்மீரின் கதை என்ன?

இந்த சீசனில் கோப்பைக்கு அடுத்து அதிகம் பேசப்பட்டது அதுதான். 2014இல் ஸ்ரீநகரை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு, வேலையில்லாமல் சுற்றும் இளைஞர்களுக்குப் பந்து வாங்கிக் கொடுத்ததில் ஆரம்பித்தது. ஒரு பத்திரிகை ஆசிரியரும் ஒரு ஹோட்டல் உரிமையாளரும் சேர்ந்து 2016இல் கிளப்பாக்கினார்கள். கோச், ரேஞ்சர்ஸ் அணியில் ஆடிய ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ராபர்ட்சன். காஷ்மீரிலிருந்து ஐ-லீக்குக்கு வந்த முதல் அணி. முதல் ஆட்டத்திலேயே சாம்பியன் மினர்வாவை அவர்கள் ஊரில் 1-0 என்று வென்றார்கள். ஸ்ரீநகரின் டி.ஆர்.சி. செயற்கைப் புல் மைதானத்துக்குப் போவதென்றால் எந்த அணிக்கும் வயிற்றைக் கலக்கியது, குளிர் ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம்.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதல். நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் நடக்க வேண்டிய ஆட்டத்துக்கு, பாதுகாப்பைக் காரணம் காட்டி மினர்வா வரவில்லை. ரியல் காஷ்மீர் மட்டும் மைதானத்தில் இருந்தது. பிப்ரவரி 28 அன்று ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது, ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றது. கோப்பைப் போட்டியின் உச்சத்தில், சொந்த மைதானம் இல்லாமல் ஆட வேண்டி வந்தது அவர்களுக்குப் பெரிய அடி. அப்படியும் மூன்றாவது இடம். முதல் சீசனில் அது சாதாரணம் இல்லை.

யார் கீழே இறங்கினார்கள்?

ஷில்லாங் லஜோங். வெளிநாட்டு வீரர் ஒருவரும் வேண்டாம், தங்கள் அகாடமிப் பையன்களே போதும் என்று இறங்கினார்கள். கடைசி இடம். எண்ணம் நல்லது, மற்ற பத்து அணிகளும் அதே எண்ணத்தில் இல்லை. 20 வயதுக்குட்பட்டவர்களை வைத்து அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே நடத்திய இண்டியன் ஆரோஸ் மட்டும் கடைசியில் வந்தாலும் இறங்க வேண்டியதில்லை என்பது விதி. இந்த முறை அந்தச் சலுகை அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்த சீசன் ஆட்டங்களை ஏன் பலர் பார்க்கவே இல்லை?

இரண்டாம் பாதியில் எல்லா ஆட்டமும் டிவியில் நேரலையாக வரவில்லை. கோப்பைப் போட்டி சூடுபிடித்த நேரத்தில் ஒளிபரப்பைக் குறைத்தார்கள். கிளப்புகள் கத்தின, பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

அப்போது இந்தியாவின் முதல்நிலை லீக் ஐ-லீக்கா, ஐ.எஸ்.எல்.லா?

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. பணமும் விளம்பரமும் ஐ.எஸ்.எல். பக்கம். ஆனால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கான இடம் அந்த ஆண்டு வரை ஐ-லீக் சாம்பியனுக்குத்தான். 2019 அக்டோபரில் வியட்நாமின் டா நாங் நகரில் கூடிய ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, இந்தியாவுக்கான புதிய ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. 2019-20 முதல் ஐ.எஸ்.எல். முதல் நிலை, ஐ-லீக் அதற்குக் கீழே. ஆகவே ஐ-லீக் மேலே இருந்த கடைசி சீசனை வென்றது சென்னை சிட்டி. அது இரண்டாம்தரக் கோப்பை என்று பிற்காலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொல்பவர்கள் இந்தத் தேதியைப் பார்க்கவில்லை.

கோப்பைக்குப் பிறகு ஐ.எஸ்.எல். அணிகளோடு மோதினார்களா?

மோதினார்கள். 2019 ஏப்ரலில் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையில், ஐ-லீக்கை ஓரங்கட்டுகிறார்கள் என்ற கோபத்தில் பல ஐ-லீக் கிளப்புகள் ஆட மறுத்தன. சென்னை சிட்டி ஆடியது. காலிறுதியில், அப்போதுதான் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றிருந்த பெங்களூருவை 2-1 என்று வெளியே அனுப்பியது. அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0-3. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் தோற்று முதல் படியிலேயே நின்றது.

அந்த வீரர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

கோப்பை வென்ற சிறிய கிளப்புக்கு நடப்பதே நடந்தது. நெஸ்டர் ஹைதராபாத் எஃப்.சி.க்கு, எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, பிறகு ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கு, அஜித் குமார் பெங்களூருவுக்கு. மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாடாவுக்கே போய்விட்டார்.

சென்னை சிட்டி இப்போது எந்த லீக்கில் ஆடுகிறது?

எதிலும் இல்லை. 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது, அடுத்த பத்தாண்டுக்குக் கவலை இல்லை என்று பலர் எழுதினார்கள். 2020-21 சீசன்தான் ஐ-லீக்கில் அவர்கள் ஆடிய கடைசி சீசன். உரிம விதிகளைப் பூர்த்தி செய்யாததால் அடுத்த சீசனில் இடம் கிடைக்கவில்லை.

கடைசி நாளில் அவர்களிடம் தோற்ற மினர்வா பஞ்சாப்?

கைமாறி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆனது. 2022-23 ஐ-லீக்கை வென்று, ஆடியே தகுதி பெற்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் கிளப் அதுதான். இப்போது பெயர் பஞ்சாப் எஃப்.சி.